நான் ஏன் தகவல் முறைமை படிக்கிறேன்?

(எஸ்.பி.எம். மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடத்தப்பட்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில், பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று சனிக்கிழமை. ஓவர்டைம் செய்தால் கையில் நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் நாள். அதை விட்டுவிட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் தகவல் முறைமை படிக்கிறேன். மலாயில் சிஸ்தெம் மக்லுமாட் என்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா சுருக்கமாக "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிடுவார். கேட்டவர் உடனே கைப்பேசியை நீட்டி, "இது ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பாரு பிள்ளை" என்பார். நானும் பார்த்துக் கொடுப்பேன். ஆனால் என் படிப்பு அது இல்லை.

என் படிப்பு எது என்பதைப் புத்தகத்தில் உள்ளபடி சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். என் பாட்டியின் கதையாகச் சொன்னால் புரியும்.

சுவரில் போட்ட கரிக்கோடு

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு மரம் சீவி, பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வர வேண்டும். அங்கே கிராணி பாலை நிறுப்பார். மெட்ரோலாக் கருவியை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். பார்த்ததைப் புத்தகத்தில் எழுதுவார். பாட்டியின் சம்பளம் வாளியில் இருந்த பால் அல்ல. அந்தப் புத்தகத்தில் இருந்த எண்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். தினமும் வேலை முடிந்து வந்ததும், அன்றைய பாலுக்கு லயத்து வீட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார். ஒரு மாதம் சம்பளம் குறைந்து வந்தது. பாட்டி கிராணியிடம் போய், "நான் கோடு போட்டு வெச்சிருக்கேன், ஐயா. இவ்வளவு குறையாது" என்று கேட்டிருக்கிறார். கிராணி சிரித்துவிட்டு, "அப்படின்னா போய் அந்தச் சுவரைக் கொண்டு வா" என்றாராம்.

பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் நாங்களும் சிரிப்போம். வளர்ந்த பிறகுதான் இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தது. பாட்டியிடம் கணக்கு இருந்தது. கிராணியிடமும் கணக்கு இருந்தது. ஆனால் ஒரு கணக்குக்குத்தான் மதிப்பு இருந்தது.

அந்தப் புத்தகம்தான் ஒரு தகவல் முறைமை. கணினி இல்லாத தகவல் முறைமை. நான் படிக்கும் படிப்பை நான்கு கேள்விகளில் அடக்கிவிடலாம். எதைப் பதிவு செய்கிறோம்? யார் பதிவு செய்கிறார்? அதை யார் பார்க்கலாம்? தவறு இருந்தால் யார் திருத்தலாம்? பாட்டியின் தோட்டத்தில் இந்த நான்குக்கும் நிர்வாகத்தின் பக்கமே பதில் இருந்தது. மற்றவை எல்லாம், கணினி உட்பட, அதற்குப் பின்னால் வருபவை.

காகிதம் இல்லாதவர்கள்

நம் வரலாற்றைப் பாருங்கள். இந்த நாட்டில் அடையாள அட்டை வந்தது 1948-இல், அவசரகாலத்தில். 1957-இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தோட்டத்து மக்கள் எத்தனையோ பேருக்கு வழிகாட்ட ஆள் இல்லை. பாரத்தைப் படித்துச் சொல்லவும் ஆள் இல்லை. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் தோட்டங்களில் இறுக்கப்பட்டது. இங்கேயே உழைத்த ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். அவர்கள் உழைப்பில் குறை இல்லை. பதிவில்தான் குறை.

இதைப் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2011-இல் அரசாங்கமே மைடாஃப்தார் என்ற பெயரில், ஆவணம் இல்லாத இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்யும் இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது. இந்த மண்டபத்தில் உள்ள பலருக்குத் தங்கள் குடும்பத்திலேயோ பக்கத்து வீட்டிலேயோ அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும்.

எனக்குத் தெரிந்தவர் என் சித்தப்பா முறையில் ஒருவர். அவருடைய அப்பாவிடம் நீல அடையாள அட்டை இருந்தது. அம்மாவிடம் எந்த அட்டையும் இல்லை. அட்டை இல்லாததால் அவர்கள் திருமணத்தைப் பதிவு செய்ய முடியவில்லை. கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்ட கல்யாணம்தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் பதிவு இல்லை. பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை என்றால், குடியுரிமை விஷயத்தில் பிள்ளை அம்மாவின் நிலையைத்தான் பின்பற்றும் என்று கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அம்மாவுக்கு அட்டை இல்லை. அதனால் கல்யாணப் பதிவு இல்லை. அதனால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. சித்தப்பா இந்த நாட்டில் பிறந்தவர். இந்த நாட்டைத் தவிர வேறு நாட்டை அவர் பார்த்ததே இல்லை.

நான் படிவம் 4-இல் இருந்தபோது ஒரு விண்ணப்பம் சம்பந்தமாக அவருடன் துணைக்குப் போனேன். அவருக்குப் பாரம் படிக்க வராது; நான் மலாயில் நன்றாகப் படிப்பேன் என்று அழைத்துப் போனார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. கவுண்டரில் இருந்த அதிகாரி நல்லவர். பொறுமையாகக் கேட்டார், தட்டினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மாவின் அடையாள அட்டை எண் என்று ஒரு கட்டம். பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரக் குறி. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. "சிஸ்தெம் தாக் போலே, டிக்" என்றார். சிஸ்டம் விடவில்லை, தங்கச்சி என்றார்.

சித்தப்பா, "தெரிமா காசே" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். எனக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதிகாரி மேல் தப்பில்லை. சிஸ்டம் என்றால் யார்? அது எங்கே உட்கார்ந்திருக்கிறது?

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு தரவுத்தள வகுப்பில் அதற்குப் பதில் கிடைத்தது. ஒரு கட்டத்தைக் காலியாக விடலாமா, கூடாதா என்பதை அந்த முறைமையை வடிவமைப்பவர் தீர்மானிக்கிறார். ஒரு வரியில் இரண்டு சொல். அவ்வளவுதான். எங்கோ ஓர் அறையில் ஒருவர், "எல்லாருக்கும் அம்மா இருப்பார், எல்லா அம்மாவுக்கும் அட்டை இருக்கும்" என்று நினைத்துக்கொண்டு அந்த வரியை எழுதியிருப்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு நம்மைத் தெரியாது. நம் வீட்டில் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால், "ஐயா, அட்டை இல்லாத அம்மாக்களும் இருக்கிறார்கள்" என்று சொல்லியிருப்பார்.

இதில் உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. அந்த நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டால் சித்தப்பாவுக்குக் குடியுரிமை வந்துவிடாது. குடியுரிமையைச் சட்டம் கொடுக்கிறது. அதற்கு வழக்கறிஞர்கள் வேண்டும், போராட்டம் வேண்டும், ஓட்டு வேண்டும். ஆனால் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு அதற்கு ஓர் எண்ணாவது கொடுத்திருப்பார்கள். எண் இருந்தால், "என் விண்ணப்பம் என்னாயிற்று?" என்று கேட்கலாம். எண் இல்லாதவன் கேட்கவே முடியாது.

சித்தப்பா இன்று இங்கே வரவில்லை. சாலையில் போலீஸ் சோதனை இருக்கும் என்று மாலையில் அவர் வெளியே வருவதில்லை. அவர் மகள் வந்திருக்கிறாள், பின்வரிசையில் இருக்கிறாள்.

எல்லாம் அட்டைக்குள் போய்விட்ட காலம்

முன்பாவது அட்டை இல்லாமல் ஓரளவு சமாளிக்கலாம். தோட்டத்தில் கிராணிக்கு முகம் தெரியும், கடைக்காரருக்கு முகம் தெரியும். இப்போது முகம் போதாது. 2001-இல் மைகாட் வந்தது. 2024 ஜனவரியில் பாடு என்ற மத்தியத் தரவுத்தளத்தைத் தொடங்கினார்கள். யாருக்கு உதவி தேவை என்று அதை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். 2025-இல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் சாரா உதவியாக 100 ரிங்கிட் கொடுத்தார்கள். கடையில் மைகாட்டைக் காட்டித்தான் பொருள் வாங்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் அட்டை இல்லாதவருக்கு அரிசி மூட்டையும் இல்லை.

உங்கள் மைகாட் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கம். முதல் ஆறு, பிறந்த தேதி. அடுத்த இரண்டு, பிறந்த இடம். பேராக்கில் பிறந்தவருக்கு 08, சிலாங்கூர் என்றால் 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஓர் எண்ணுக்குள்ளேயே இவ்வளவு தகவல். இதை யாரோ யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள் அல்லவா?

நம் பெயரையும் பாருங்கள். ஏ/எல், ஏ/பி என்று போடுகிறோம். இணையத்தில் பாரம் நிரப்பும்போது நடுவில் உள்ள அந்தச் சாய்கோட்டை ஏற்காத முறைமைகள் உண்டு. ஒன்றில் கோடு இருக்கும், ஒன்றில் இருக்காது, ஒன்றில் ஏ-யும் எல்-லும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு, "இரண்டு ஆவணத்திலும் பெயர் ஒன்றாக இல்லையே" என்று நம்மையே கேட்பார்கள். ஒரு சமுதாயமே நூறாண்டுக்கு மேலாக இங்கே இருக்கிறது. அதன் பெயரை எழுத ஒரு கோட்டுக்கு இடமில்லை. இது பகை இல்லை. வடிவமைத்த இடத்தில் நாம் இல்லாததன் விளைவு.

தரவு ஓரிடத்தில் குவியும்போது இன்னொரு பயமும் உண்டு. பாடு தொடங்கிய முதல் நாட்களிலேயே அதில் பாதுகாப்புக் குறை இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள், பிறகு சரிசெய்தார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி 2013-இல் நடப்புக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அப்படியென்றால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலும் வேண்டாமா?

புத்ராஜெயா எங்கே இருக்கிறது?

1996-இல் மல்டிமீடியா சூப்பர் காரிடோர் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெரிய திட்டங்களில் மின்னியல் அரசாங்கமும் ஒன்று. பின்னர் வந்த மைகாட்டும் அதிலிருந்து பிறந்ததுதான். அந்த மின்னியல் அரசாங்கத்தின் தலைநகரம் புத்ராஜெயா.

புத்ராஜெயா எழுந்த நிலம் எது? பேராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்கள். அங்கே மரம் வெட்டியவர்கள் நம்மவர்கள். நகரம் எழுந்தபோது அந்தக் குடும்பங்களை டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். தரை வீடு வேண்டும் என்று அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

நான் இதைப் பழி சொல்வதற்காகச் சொல்லவில்லை. நம் தாத்தா பாட்டி வியர்வை சிந்திய மண்ணில் இன்று நாட்டின் நிர்வாகம் நடக்கிறது. அந்த மண்ணுக்கு நாம் இரண்டாவது முறை போக வேண்டும். இந்த முறை வாளியோடு அல்ல, விண்ணப்பத்தோடும் அல்ல; வேலைக்கு.

வேலையும் சம்பளமும்

என் அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார். அவரிடம் போய் "சமுதாயத்துக்காகப் படிக்கிறேன்" என்றால், "முதல்ல வீட்டு வாடகை கட்டு" என்பார். நியாயமான பேச்சு.

இந்தத் துறையை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மருத்துவமனை, வங்கி, துறைமுகம், பேரங்காடி என்று எங்கே போனாலும் பதிவு இல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை. அங்கெல்லாம், வேலை செய்பவர்களிடம் போய்க் கேட்டு, "உங்களுக்கு உண்மையில் என்ன தேவை?" என்று அறிந்து, அதை முறைமையாக மாற்றிக் கொடுக்கும் ஆள் வேண்டும். இதற்கு நிலம் வேண்டாம், கடை வேண்டாம், முதல் வேண்டாம். மற்றவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் காது வேண்டும், கணக்கில் பயம் இல்லாத மனம் வேண்டும்.

ஓர் அண்ணன் உள்ளே வரும்போதே கேட்டார்: "இப்போதுதான் செயற்கை அறிவே நிரல் எழுதுகிறதே, உனக்கு என்ன வேலை மிச்சம் இருக்கும்?" எழுதட்டும், அண்ணா. நிரல் எழுதுவது அதற்கு வரும். ஆனால் அட்டை இல்லாத அம்மாக்கள் இருக்கிறார்கள் என்பது அதற்கு யார் சொல்லித் தெரியும்? இருக்கும் பதிவுகளை வைத்துத்தான் அது கற்கிறது. பதிவிலேயே இல்லாதவரை அது எப்படிப் பார்க்கும்?

"கணினியெல்லாம் நமக்கு வருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழைக் கணினியில் ஏற்றியதில் இந்த வட்டாரத்து மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நமக்கு வராது என்று இனிச் சொல்லாதீர்கள்.

போகும் வழி

தம்பி தங்கைகளே, எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழே கிடையாது. இந்த இரண்டையும் அலட்சியம் செய்யாதீர்கள். இந்தத் துறைக்குக் கணிதத்தில் கிரெடிட் மிக முக்கியம். ஆங்கிலம் தினமும் தேவைப்படும். அறிவியல் பிரிவில் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். கணிதம் நன்றாக இருந்தால் பல கல்விக்கூடங்களில் வழி உண்டு.

மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடாது. அந்த இடங்களுக்கு இருக்கும் கோட்டா பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை எதிர்த்துப் பேச வேண்டும். பேசிக்கொண்டே படிக்கவும் வேண்டும். நான் எஸ்.டி.பி.எம். வழியாகப் போனேன். ஆறாம் படிவம் கடினம் என்று பயமுறுத்துவார்கள். கடினம்தான். ஆனால் வீட்டுப் பக்கத்திலேயே படிக்கலாம், செலவு குறைவு. பொலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போகும் வழியும் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெரிய விளம்பரத்தைப் பார்த்து, எந்தக் கல்லூரியிலாவது பிள்ளையைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பான எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பி.டி.பி.டி.என். பணம் கடன், பட்டம் முடிக்காவிட்டாலும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

வீட்டில் ஒரு கோப்பு

உரையை முடிக்குமுன் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். பட்டம் இல்லாமலே செய்யலாம். இன்று இரவு வீட்டில் ஒரு கோப்பைத் திறங்கள்.

முதலாவது, எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டை நகலும் அதில் இருக்கட்டும். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் கோவிந்தன், இன்னோரிடத்தில் கோபிந்தன் என்று இருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வாரத்தில் ஓடாதீர்கள்.

இரண்டாவது, திருமணம். கோயிலில் நடந்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அந்த ஒரு காகிதம் இல்லாமல் என் சித்தப்பா வாழ்க்கை எப்படி ஆனது என்று கேட்டீர்கள்.

மூன்றாவது, சேமநிதி. இ.பி.எஃப். கணக்கை இணையத்தில் ஐ-அக்காவுன் மூலம் பார்க்கலாம். 1,700 ரிங்கிட் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். இரண்டும் மாதாமாதம் ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருப்பார்கள், கணக்கில் ஏறியிருக்காது. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். வாரிசுப் பெயரும் எழுதி வையுங்கள்.

நான்காவது, எந்தக் கவுண்டருக்குப் போனாலும் விண்ணப்ப எண்ணோ ரசீதோ இல்லாமல் திரும்பாதீர்கள். தேதியை எழுதுங்கள், பேசியவர் பெயரை எழுதுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

பாட்டி சுவரில் செய்ததும் இதுதான். அவரிடம் கணக்கு இருந்தது. எடுத்துக்கொண்டு போக வழி இல்லை. இன்று உங்கள் சுவர் ஒரு கோப்புக்குள் அடங்கும், ஒரு கைப்பேசிக்குள் அடங்கும். "சுவரைக் கொண்டு வா" என்று யாராவது கேட்டால், இந்தா என்று மேசையில் வைக்கலாம்.

நான் கிராணியின் நாற்காலியில் உட்காருவதற்காகப் படிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை வெட்டுக்காரரும் பார்க்கலாம், தவறு இருந்தால் சொல்லலாம், சொன்னதைப் பதிய வேண்டும் என்ற விதியை எழுதுவதற்காகப் படிக்கிறேன். நான் ஒருத்தி போதாது. பின்வரிசையில் இருக்கும் என் தங்கை இந்த ஆண்டு படிவம் 3. கணிதத்தில் வகுப்பிலேயே முதல். அவள் அப்பா வெளியே வரப் பயப்படுகிறார், அவள் வந்திருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.